இரையும் பாட்டுகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா விட்டுப்போன கேசட்டுகளை இன்னமும் போட்டுக் கேட்கிறேன். அதே பழைய பாட்டுகளை ‘ரீமாஸ்டர்’ செய்தது என்று மகன் காரில் போட்டால், ஈப்போ போய்ச் சேர்வதற்குள் தலை வலிக்கிறது. ஒலியைக் குறைத்தாலும் அதே இரைச்சல்தான். வயசான காது என்கிறான் மகன். டிஜிட்டல் வந்ததால் இப்படி ஆனதா? கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றினால் கெட்டுவிடுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள். டிஜிட்டலையும் குறை சொல்ல வேண்டாம். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபெல் (ஒலியளவின் அலகு) இடம் உண்டு. சாதாரணக் கேசட்டில் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அத்தனை இடம் கிடைத்த பிறகு அதை வீணடித்தார்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால், சற்றே உரக்க ஒலிப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒலி கூடினால் அடிநாதம் காதுக்கு நிறைவாகக் கேட்கும்; 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் ஆளாளுக்குத் தன் பாட்டு அடுத்தவன் பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்று இறங்கினார்கள். டிஜிட்டலில் ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. 1990களின் நடுவில், ஒலியை அந்த வரம்புக்குள் அடக்கும் டிஜிட்டல் லிமிட்டர்கள் வந்தன. எகிறும் ஒலியை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்குவது சுலபமாகிவிட்டது.

தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விரலில் மாட்டிய கூடு விழும் கணத்தில் ஒலி சட்டென்று எகிறி உடனே இறங்கிவிடும். அடிக்கு உயிர் கொடுப்பது அந்த எகிறல். லிமிட்டர் முதலில் அதைத்தான் வெட்டும். மிஞ்சுவது அட்டைப்பெட்டியைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம். கூடவே, பாடகர் மூச்சிழுக்கும் ஒலிகூடக் குரலின் பக்கத்தில் ஏறி வந்துவிடும். பாட்டு முழுக்கக் காதுக்கு ஓய்வே இருக்காது. நீங்கள் ஒலியைக் குறைத்தும் பயனில்லாமல் போவது இதனால்தான். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதானே!

2008இல் மெட்டாலிக்கா ராக் குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் அவ்வளவு அமுக்கப்படாமல் வந்திருந்தன. இரண்டையும் ஒப்பிட்ட ரசிகர்கள், ஆல்பத்தைத் திருத்தித் தரும்படி கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள்.

காரில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே மெல்லிய பகுதிகள் கேட்காதே என்பார்கள். சரி, அதைக் கார் பிளேயர் பார்த்துக்கொள்ளட்டும். பாட்டின் பதிவிலேயே ஏன் கை வைக்க வேண்டும்?

இப்போது உரக்கச் செய்வதில் ஆதாயமும் கிடையாது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) என்ற சராசரிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. யூடியூபும் உரத்ததைக் குறைத்துவிடுகிறது. அங்கே அமுக்கிய பாட்டு சப்பென்றுதான் கேட்கும். அப்படியிருந்தும் ‘ரீமாஸ்டர்’ என்ற பேரில் பழைய பாட்டுகளை இந்தப் பாடு படுத்துகிறார்கள். ஒரே கூடத்தில் உட்கார்ந்து, யார் எப்போது அடக்கி வாசிக்க வேண்டும் என்று தாங்களே பார்த்துப் பார்த்து வாசித்தவர்களின் உழைப்பு அது. கோபம் வராமல் என்ன செய்யும்?

மகனிடம் வாதாட வேண்டாம். ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளையும் ஒரே அளவு ஒலியில் வைத்துப் போட்டுக் காட்டுங்கள், போதும்.

கேசட்டுகளைத் தாராளமாக மாற்றலாம். நாள் கடத்தாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் நாடா பூசணம் பிடிக்கும். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, 24 பிட்டில், உச்ச ஒலி −6 டெசிபெலைத் தாண்டாமல், அதாவது டிஜிட்டல் உச்சவரம்புக்கு 6 டெசிபெல் கீழேயே நிற்கும்படி, பதியுங்கள். அப்புறம், கடையில் கொடுத்தால் ‘ஸ்ஸ்’ சத்தத்தை நீக்கித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு வயலினின் மேல் ஸ்தாயியும் மங்கிவிடும். ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துவிடும் எம்பி3 ஆகவும் வாங்காதீர்கள், எதையும் கழிக்காத வேவ் (WAV) கோப்பாகத் தரச் சொல்லுங்கள்.