பதிப்பு மாறினால் ஆவணங்களையெல்லாம் திருத்த வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாக ஐ.டி. சேவை மேலாண்மைத் துறையில் இருக்கிறேன். ஐ.டி. சேவைகளை எப்படி நடத்துவது என்று சொல்லும் வழிகாட்டித் தொகுப்பான ஐடிஐஎல்லின் மூன்றாம் பதிப்பைப் படித்துத் தேர்வெழுதி, எங்கள் நிறுவனத்தின் செயல்முறை ஆவணங்களை அதன்படி எழுதியவள் நான். இப்போது நான்காம் பதிப்புக்கு மாற வேண்டும், மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் திருத்தித் தாருங்கள் என்கிறது நிர்வாகம். பழைய 26 செயல்முறைகளை புதிய 34 நடைமுறைகளுடன் பொருத்தி அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். இதனால் தங்கள் வேலையில் என்ன மாறும் என்று குழுவினர் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. கணினி அமைப்புகளில் மாற்றம் செய்யக் கேட்கும் கோரிக்கைகள் ஒப்புதல் கூட்டத்தில் தேங்கும் வரிசையும் குறைந்தபாடில்லை. நான் கற்றதெல்லாம் வீண்தானா? எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அட்டவணையை இப்போதைக்கு மூடி வையுங்கள். கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட அந்தத் தேங்கிய வரிசையில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

கற்றது வீண் இல்லை. 1980களில் பிரிட்டன் அரசின் கணினி, தொலைத்தொடர்பு முகமை தொடங்கிய தொகுப்பு இது. முதலில் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களாக வந்தது. 2007இல் மூன்றாம் பதிப்பு அதை ஐந்து நூல்களாக்கியது; 2011இல் அவை திருத்தப்பட்டன; 2019இல் நான்காம் பதிப்பு. இத்தனை மாற்றங்களிலும் கோளாறைச் சரிசெய்வது, அதன் மூலகாரணத்தைத் தேடுவது, மாற்றங்களைச் சேதமின்றி நிறைவேற்றுவது என்ற வேலைகள் மாறவில்லை. அவற்றைச் செய்யத் தெரிந்தவருக்குப் புதிய பதிப்பு அந்நியமாக இருக்காது.

மாறியிருப்பது பார்வை. முந்தைய பதிப்பு சேவையின் வாழ்க்கைச் சுழற்சியை ஐந்து கட்டங்களாக வரிசைப்படுத்தியது. புதியது ஆறு செயல்பாடுகளைத் தருகிறது. தேவைக்கேற்ப எந்த வரிசையிலும் அவற்றைக் கோத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், எந்தச் சேவையையும் நான்கு பரிமாணங்களில் பார்க்கச் சொல்வது: அமைப்பும் மனிதர்களும், தகவலும் தொழில்நுட்பமும், கூட்டாளிகளும் வழங்குநர்களும், மதிப்பு ஓட்டங்களும் (பயனருக்குப் பலன் போய்ச்சேரும் படிகளின் தொடர்) செயல்முறைகளும். மூன்று மாதம் உட்கார்ந்து நீங்கள் திருத்தப்போகும் ஆவணங்கள் கடைசிப் பரிமாணத்தில், அதுவும் அதன் ஒரு பகுதியில் அடங்கிவிடும். மற்ற மூன்றையும் தொடாமல் "மாறிவிட்டோம்" என்று அறிவித்தால், உங்கள் குழு கேட்ட கேள்விக்கு அப்போதும் பதில் இருக்காது.

இனி அந்த வரிசைக்கு வருவோம். இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும் கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். காலாவதித் தேதி முன்பே தெரியும். செய்யும் முறை ஒன்றேதான். தவறினால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் தெரியும். ஆனாலும் அது படிவமாகி, வாரக் கூட்டத்துக்குக் காத்திருந்து, சர்வர் பக்கமே போகாத ஒருவரின் தலையசைப்புக்குப் பிறகு நடக்கிறது. கூட்டம் தள்ளிப்போனால் அவசர மாற்றம் என்ற பெயரில் இரவில் நடக்கிறது. முன்கூட்டியே தெரிந்த ஒரு வேலையை அவசரமாக்குவது அந்த ஒப்புதல் முறைதான்.

நான்காம் பதிப்பின்படி மாற்றங்களைக் கையாளும் நடைமுறையின் நோக்கமே வெற்றிகரமான மாற்றங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். ஆபத்தைச் சரியாக மதிப்பிடுவது அதற்கான வழி. எல்லாவற்றுக்கும் ஒரே குழு ஒப்புதல் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு வகை மாற்றத்துக்கும் பொருத்தமானவரிடம் அதிகாரம் இருக்கலாம். அடிக்கடி வரும், ஆபத்து குறைந்த வேலைகளுக்கு ஒருமுறை முறையாக மதிப்பிட்டு முன்னனுமதி தந்துவிடலாம். இந்த வழி பழைய பதிப்பிலும் இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். பல நிறுவனங்கள் அதை ஆவணத்தில் எழுதிவைத்துவிட்டு, கூட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இரவு விழித்துச் சலித்தவர்கள் அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர்.

ஆகவே தேங்கியிருக்கும் கோரிக்கைகளைப் பிரித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருபவை எவை, அவற்றில் சிக்கலின்றி முடிந்தவை எவை? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைக் கையால் செய்கிற பொறியாளருடன் உட்கார்ந்து படிகளையும், எங்கே நிறுத்த வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அதற்கு முன்னனுமதி வாங்குங்கள். சரியாக நடந்தால் அடுத்தது. புதிய பதிப்பின் ஏழு வழிகாட்டும் கொள்கைகளில் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவதும், கருத்தறிந்து படிப்படியாக முன்னேறுவதும் உண்டு. நீங்கள் செய்யப்போவது அவற்றைத்தான். ஆவணங்கள் பின்னால் வரட்டும்.

நிர்வாகத்திடம் கெடுவைப் பற்றியும் பேசுங்கள். ஐடிஐஎல் சான்றிதழ் தனிநபர்களுக்கானது. நிறுவனத்துக்கான சான்று ஐ.டி. சேவை மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 20000 என்ற சர்வதேசத் தரநிலையின்படி தரப்படுவது. அந்தத் தணிக்கைக்கு வருபவர் அந்தத் தரநிலையைத்தான் பார்ப்பார். உங்கள் செயல்முறைக்கு ஐடிஐஎல்லின் எந்தப் பதிப்பு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது அவருடைய கேள்வி அல்ல. அப்படியானால் இந்த மூன்று மாதக் கெடு யாருக்காக என்று தயங்காமல் கேளுங்கள். கையில் அந்த முதல் ஒரு பக்கமும், அதற்குப்பின் காத்திருப்பு எவ்வளவு குறைந்தது என்ற கணக்கும் இருந்தால், உங்கள் பேச்சைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கடினம்.