சிறிய விமானத்தின் இறக்கையில் பொருத்திய கேமராவைப் பறக்கும்போது உள்ளே இருந்தே இயக்க முடியுமா?

கேட்டவர் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் இறக்கையில் கோப்ரோ என்ற குட்டி வீடியோ கேமராவை வைக்கப் போகிறாராம். உள்ளே வரை வைஃபை எட்டுமா என்பது அவர் சந்தேகம்.

எட்டும். நான் அமெரிக்காவில் பொழுதுபோக்காக 172 ஓட்டுபவன். என்னைக் கேட்டால் இதில் சிக்னல்தான் ரொம்பச் சின்ன கவலை. அந்த விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர்தான். கேமரா நுனியிலேயே இருந்தாலும் உங்களிடமிருந்து ஐந்தரை மீட்டருக்குள் இருக்கும். அலுமினியத் தகடு அலையைத் தடுக்கும், பிளாஸ்டிக் ஜன்னல் விட்டுவிடும். விமானத்தின் வயிற்றுக்கு அடியில் பொருத்தினால்தான் தகராறு. அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை விட 2.4 பரவாயில்லை, கேமரா மெனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

போன் ஆப்பா, தனி ரிமோட்டா என்றால் என் ஓட்டு ரிமோட்டுக்கு. ஆப்பில் படம் தெரியும், கோணம் பார்க்க வசதி. ஆனால் கோணத்தைத் தரையிலேயே பார்த்து முடித்துவிடலாமே? மேலே போன பிறகு பைலட்டின் கண் வெளியே இருக்க வேண்டும், போன் திரையில் இல்லை. இன்னொன்றும் உண்டு. பைலட்டுகளில் பலர் ஐபேடில் ஃபோர்ஃப்ளைட் என்ற வரைபட ஆப்பை வைத்திருக்கிறோம். ஏடிஎஸ்-பி ரிசீவர், அதாவது மற்ற விமானங்கள் தங்கள் இடத்தைச் சொல்லும் சிக்னலைப் பிடிக்கும் கருவியிடமிருந்து, சுற்றியுள்ள விமானங்களின் தகவல் அதற்கு வைஃபையில்தான் வருகிறது. அதே ஐபேடைக் கேமராவின் வைஃபைக்கு மாற்றினால் அந்தத் தகவல் நின்றுபோகும். ஆப்தான் வேண்டுமென்றால் வேறொரு போனில் போட்டு, பக்கத்து சீட்காரரிடம் கொடுத்துவிடுங்கள். தனியாகப் பறந்தால், இன்ஜினைக் கிளப்பும் முன்பே ரெக்கார்டிங்கை ஓடவிட்டு மறந்துவிடுவது உத்தமம்.

ரிமோட்டால் ஆகாத வேலைகளும் இருக்கின்றன. இரண்டு தகடு புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால், நொடிக்கு 40 சுற்று. நல்ல வெயிலில் கேமரா ஷட்டரை 1/2000 நொடி என்று வேகமாக்கிக்கொள்ளும். அப்போது புரொப்பெல்லர் வாழைப்பழம் மாதிரி வளைந்து, துண்டு துண்டாகத் தெரியும். லென்ஸ் மேல் ஒரு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டு ஷட்டரை 1/60 பக்கம் இறக்கினால் சாதாரண மங்கல் வட்டமாகிவிடும். ஃபில்டரைத் தரையில் மறந்தால் மேலே போய் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை.

ஆனால் நீங்கள் கேட்காத விஷயம்தான் முக்கியம்: மவுன்ட், அதாவது கேமராவை விமானத்தோடு பிடித்துவைக்கும் பாகம். கேமரா 150 கிராம் சொச்சம்தான். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் காற்று அதைச் சுமார் 700 கிராம் எடைக்குச் சமமாகப் பின்னால் தள்ளும். 120 நாட்டில் அது ஒரு கிலோவைத் தொடும், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இதில் மவுன்ட்டின் பங்கு சேரவில்லை. சக்ஷன் கப்பை, அதாவது அழுத்தி ஒட்டவைக்கும் ரப்பர் கிண்ணத்தை, வெளியே ஒட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அதைப் பிடித்து வைப்பதே வெளிக்காற்றின் அழுத்தம். 10,000 அடியில் அந்த அழுத்தம் தரையில் இருப்பதில் 70 சதவீதம்தான், பிடியும் அந்த அளவுக்குக் குறையும். குளிரில் ரப்பர் வேறு விறைக்கும். இறக்கைக்கு அடியில் விமானத்தைக் கட்டிப்போடும் வளையம் இருக்கிறதே, அங்கே திருகும் மவுன்ட்டுகள் கிடைக்கின்றன. கூடவே ஒரு மெல்லிய எஃகுக் கம்பியால் கேமராவைக் கட்டிவிடுங்கள். எய்லரான், ஃபிளாப் போன்ற இறக்கையின் அசையும் பாகங்களில் எதையும் வைக்காதீர்கள். காற்றின் வேகத்தை அளக்க உதவும் பிடாட் குழாய்க்கு முன்னாலும் கூடாது. நிரந்தரமாகப் பொருத்துவதென்றால் அது விமானத்தில் செய்யும் மாற்றம், மெக்கானிக் கையெழுத்தும் லாக்புக்கில் (விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில்) பதிவும் வேண்டும். தற்காலிகம் என்றாலும் முதலில் அவரிடம் காட்டுங்கள். வாடகை விமானம் என்றால் உரிமையாளரிடமும் கேட்க வேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். மேலே போகப் போக ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குளிர் கூடும், பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். வயர்லெஸ்ஸை ஆன் செய்தே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

ரிமோட்டே வேண்டாம் என்பவர்களுக்கு கோப்ரோ லேப்ஸ் என்று ஒரு இலவச ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஏற்றும் மென்பொருள்) இருக்கிறது. ஒரு க்யூஆர் கோடைக் கேமராவிடம் காட்டினால், ஜிபிஎஸ் வேகம் நீங்கள் சொன்ன அளவைத் தாண்டியதும் தானே பதிவு தொடங்கும். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது ஆரம்பிப்பதுபோல் வைத்துக்கொள்ளலாம். கோப்ரோவின் ஹீரோ 12 மாடல் வைத்திருப்பவர்களுக்கு இது ஆகாது, அதில் ஜிபிஎஸ்ஸை எடுத்துவிட்டார்கள். 13-இல் திரும்ப வைத்திருக்கிறார்கள்.