டேபிள் சா வாங்கும்போது ஃபென்ஸையும் ரிவிங் நைஃபையும் தொட்டுப் பாருங்க

கேள்வி: அண்ணா, மொட்டை மாடி ஷெட்ல சின்னச் சின்ன பர்னிச்சர் செஞ்சு பழகிட்டு இருக்கேன். மேசை நடுவுல 10 இன்ச் வட்ட பிளேடு சுத்துற டேபிள் சா வாங்கலாம்னு கடைக்குப் போனா ஆர்பர், ஃபென்ஸ், மைட்டர் கேஜ், ரிவிங் நைஃப், கெர்ஃப்னு அடுக்கிட்டே போறாங்க, கடைசில "2000 வாட்ஸ் சார், எடுத்துக்கங்க"ன்னு முடிச்சுடுறாங்க. எதைப் பாத்து வாங்கணும்?

பதில்: தம்பி, 1800 வாட்ஸோ 2000 வாட்ஸோ, வீட்டு வேலைக்கு ரெண்டுமே தாராளம், அதனால அதை விடுங்க. பிளேடு மாட்டுற தண்டுதான் ஆர்பர். சில மெஷின்ல அது 30 மி.மீ., சிலதுல 25.4 மி.மீ., அதைக் கேட்டு எழுதி வச்சுக்கங்க, இல்லன்னா அடுத்த பிளேடு வாங்கிட்டு வந்து மாட்ட முடியாம நிப்பீங்க.

ஃபென்ஸ்ங்கிறது பிளேடுக்குப் பக்கத்துல நிக்கிற நீளச் சட்டம். பலகைய அதை ஒட்டித் தள்ளி நார் ஓடுற வாக்குலயே அறுத்தா ரிப் கட், நாருக்குக் குறுக்கா அறுத்தா கிராஸ் கட். குறுக்கா அறுக்கறதுக்குதான் மேசைப் பள்ளத்துல நகர்ற மைட்டர் கேஜ், அப்போ ஃபென்ஸை ஒட்டி வைக்கவே கூடாது, வெட்டுப்பட்ட துண்டு நடுவுல மாட்டிக்கும்.

கடையிலயே பிளக்கைப் புடுங்கச் சொல்லிட்டு பிளேடை முழுசா ஏத்துங்க. ஒரே ஒரு பல்லுல மார்க்கர்ல கோடு போட்டு, அதை முன்பக்கம் வச்சு ஃபென்ஸுக்கு எவ்வளவு தூரம்னு அளங்க, அதே பல்லை பின்பக்கம் சுத்திக் கொண்டுபோய் மறுபடி அளங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும், பின்னாடி குறைஞ்சா மரம் நெரிபடும். அட்ஜஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் ஃபென்ஸை லாக் பண்ணி அந்தக் கடைசி முனைய கட்டை விரலால தள்ளிப் பாருங்க, அசைஞ்சா அந்த மெஷின் வேண்டாம்.

ரிவிங் நைஃப் பிளேடுக்குப் பின்னால பிளேடோடயே ஏறி இறங்குற தகடு. மரத்துக்குள்ள இறுக்கம் இருக்கும், அறுக்க அறுக்க வெட்டு மூடிட்டு வந்து பிளேடைக் கவ்வும், பின்பக்கப் பல்லு மேல்நோக்கி ஓடுறதால மரத்தைத் தூக்கி நம்ம பக்கமே வீசும், இதான் கிக்பேக். இந்தத் தகடைக் கழட்டி வச்சிருந்த ஒரு பட்டறை மெஷின்ல நான் தேக்கு ரீப்பர் அறுத்தேன், அது எகிறி என் இடுப்பை உரசிட்டுப் போய் இரும்பு ஷட்டர்ல பள்ளம் விழுந்துச்சு, ஒரு கை தள்ளி நின்னிருந்தா வயித்துல ஏறியிருக்கும். அன்னிலேர்ந்து பிளேடுக்கு நேரா நிக்கிறதே இல்ல.

கெர்ஃப்னா பிளேடு தின்னுற அகலம், பொதுவா 3 மி.மீ. பக்கம். ரிவிங் நைஃப் பிளேடோட உடம்பை (பல்லு இல்லாத நடுப்பகுதி) விடத் தடிப்பாவும் கெர்ஃபை விட மெலிசாவும் இருக்கணும். மெலிசு பிளேடு மாத்தினா தகடு வெட்டுக்குள்ள நுழையாம மரம் பாதில நின்னுடும், நிறைய பேர் அப்பதான் தகடைக் கழட்டிப் போடுறாங்க. தயவுசெஞ்சு பிளேடை மாத்துங்க, தகடைக் கழட்டாதீங்க.

கேள்வி: 4 இன்ச் மார்பிள் கட்டரை பிளைவுட்டுக்கு அடியில கவுத்து மாட்டி அறுக்குறாங்களே, செலவு கம்மி, அது போதாதா?

பதில்: போதாதுங்க, பண்ணவே பண்ணாதீங்க. அது நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேல ஓடுற மெஷின், டேபிள் சா 4,000, 5,000 சுத்துதான். ரிவிங் நைஃபும் கிடையாது, பிளேடை மூடுற கார்டும் கிடையாது. சுவிட்சை லாக் பண்ணிதான் ஓட்டுவாங்க, கரண்ட் போய் நீங்க பிளேடுகிட்ட கைய வச்சு மரத்தை எடுக்குற நேரம் கரண்ட் வந்தா தானா சுத்த ஆரம்பிச்சுடும். டேபிள் சா வாங்கும்போதும் கரண்ட் வந்தா தானா ஓடாத சுவிட்ச்தானான்னு கேளுங்க.

கேள்வி: பிளைவுட் அறுத்தா ஓரமெல்லாம் பிஞ்சு வருது, மெஷின் கோளாறா?

பதில்: பல்லு எண்ணிக்கையப் பாருங்க. 24 பல்லு ரிப் கட்டுக்கு, பிளைவுட்டுக்கு 60 பல்லு போடுங்க. நல்ல முகத்தை மேல் பக்கமா வைங்க, வெட்டுற கோட்டு மேல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அறுங்க.