திருநெல்வேலியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

நேர்கோட்டில் அளந்தால் திருநெல்வேலிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள் மட்டுமே உண்டு என்பதால், நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மதுரை, திருவனந்தபுரம், சென்னை ஆகியவற்றில் ஒன்றுக்குப் போய்த்தான் ஏற வேண்டும். வான்வழியில் சிங்கப்பூருக்கு மதுரையிலிருந்து சுமார் 3,000, திருவனந்தபுரத்திலிருந்து 3,100, சென்னையிலிருந்து 2,900 கிலோமீட்டர். எங்கிருந்து ஏறினாலும் நேரடி விமானம் நான்கு முதல் நாலரை மணி நேரத்தில் போய்விடும்.

திருவனந்தபுரத்தைவிடச் சென்னை சிங்கப்பூருக்கு 200 கிலோமீட்டர் அருகில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அது கால் மணி நேரம்தான். அதற்காக ஓர் இரவு முழுவதும் ரயிலில் 600 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போவதில் பொருளில்லை. கட்டணம் மிகவும் குறைவாக இருந்தால் மட்டுமே நான் சென்னையை யோசிப்பேன்.

பயணச்சீட்டில் உள்ள நேரம்தான் பலரையும் குழப்புகிறது. என் தங்கை சிங்கப்பூரில் இருப்பதால், அங்கே கிளம்பும் உறவினர்கள் சீட்டை என்னிடம்தான் நீட்டுவார்கள். இரவு 11.00 மணிக்குப் புறப்பட்டு அதிகாலை 5.45-க்குச் சேரும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏழு மணி நேரமா உக்காந்திருக்கணும்?" என்று பெரியம்மா மலைத்துப் போனார். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் உண்மையான பயணம் நாலேகால் மணி நேரம்தான். திரும்பும்போது இதுவே தலைகீழாகி, இரவு 8.00 மணிக்கு அங்கே ஏறியவர் 9.45-க்கு இங்கே இறங்குவதாகச் சீட்டு சொல்லும். இந்த நேரத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், இறங்கியபின் வாயில் வரை வருவதும் அடக்கம். வானில் இருப்பது அதைவிடக் குறைவு.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையருகே மேற்கிலிருந்து காற்று வீசினாலும், தென்னிந்தியாவின் உயர்வானில் கிழக்கிலிருந்து பலத்த காற்று ஓடுகிறது. அப்போது சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று என்பதால் சில நிமிடங்கள் கூடும், குறையும்.

உண்மையில் நேரத்தைத் தின்பது தரைவழிப் பயணம்தான். மதுரைக்கு நான்குவழிச் சாலை. நகருக்குள் நுழையாமல் கப்பலூரிலேயே திரும்பி விமான நிலையம் போய்விடலாம், மூன்று மணி நேரம் போதும். திருவனந்தபுரமும் ஏறக்குறைய அதே தூரம்தான் என்றாலும், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் வண்டி நகராது. நாலரை மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. இத்துடன் மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். விமானம் 14-ஆம் தேதி 12.30 என்று இருந்து, அது நள்ளிரவாக இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 13-ஆம் தேதி மாலையில்.

விமான நிறுவனங்கள் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் கால அட்டவணையை மாற்றுவதால், நேரடி விமானம் எந்தெந்தக் கிழமைகளில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.