செபராங் பிறையின் பழைய வரைபடங்களில் கம்பங்கள் (மலாய்க் கிராமங்கள்) ஏன் கோடுகோடாகத் தெரிகின்றன?

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக நீண்டு கிடக்கும் தாழ்வான பழைய மணல்மேடே பெர்மாத்தாங் எனப்படுகிறது. சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்த கடல் படிப்படியாகப் பின்வாங்கியபோது, அலைகள் குவித்த மணல் வரிசை வரிசையாக எஞ்சியது. இடைப்பட்ட பள்ளங்கள் சதுப்பாயின. மழைநீர் தேங்கிய முற்றத்தில் அனைவரும் திண்ணைக்கு ஒதுங்குவதைப் போல, வீடுகளும் தென்னைகளும் பாதையும் வெள்ளம் ஏறாத மேட்டில் அமைய, பள்ளம் நெல்வயலாயிற்று. பெர்மாத்தாங் பாவ் போன்ற ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் குறித்தாலே பழைய கரையின் போக்கு ஓரளவு புலப்படும் (பள்ளத்திலும் வீடுகள் எழுந்துவிட்டதால், இதற்குப் பழைய வரைபடங்களே உகந்தவை என்பேன்). இம்மேடுகள் ஆங்கிலேயர் போட்ட கரைகள் எனச் சிலர் கருதுவதுண்டு. 1800இல் அவர்கள் இப்பகுதியைப் பெறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இவை உருவாகிவிட்டன.