ஆயிரம் லிட்டர் தொட்டியில் நூறு மீனா? என் பின்கட்டில் நான் கற்றது

கேள்வி: சென்னைப் புறநகரில் வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் இருக்கிறது. போர் தண்ணீர்தான். ஆயிரம் லிட்டர் தொட்டியில் நூறு ஜிலேபி மீன் விட்டு, அந்தத் தண்ணீரைக் கொண்டே நான்கு பேருக்கு வேண்டிய காய்கறியையும் விளைவித்துவிட முடியுமா?

மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்க்கும் இந்த அக்வாபோனிக்ஸ் முறையில் மீனும் வளரும், கீரையும் வளரும். ஆனால் அந்தத் தொட்டியில் நூறு மீன் தாங்காது. நான்கு பேருக்கு வேண்டிய முழுக் காய்கறியும் அதிலிருந்து வராது. நானும் உங்களைப் போலவே புறநகரில், போர் தண்ணீரை வைத்துக்கொண்டு, 2021இல் இதே கணக்கோடுதான் தொடங்கினேன். நான் விட்டது நூறுகூட இல்லை, அறுபது. அவற்றுள் 43 மீன்கள் ஒரே வாரத்தில் செத்தன. மிஞ்சிய 17 மீன்கள்தான் சரியான கணக்கு எது என்பதை எனக்குக் காட்டின.

முதலில், தொட்டிக்குள் நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். மீன் தொட்டித் தண்ணீரை மோட்டார் மேலே ஜல்லி நிரப்பிய செடிப் படுகைக்கு ஏற்றும், அங்கிருந்து அது திரும்பத் தொட்டிக்கே விழும். மீன் தின்னும் தீவனத்தில் உள்ள புரதம் செரித்த பிறகு, அதன் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகைப் பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதைத்தான் செடி விரும்பி உறிஞ்சிக்கொள்கிறது. இந்த இரண்டு வகைப் பாக்டீரியாவும் ஜல்லியின் மேல் படிந்து, பெருகி, வேலைக்குத் தயாராக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே நாம் முதலில் வளர்ப்பது மீனையும் அல்ல, செடியையும் அல்ல, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்தைத்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை, படித்திருந்தேன். ஆனால் தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மோட்டார் ஓடுவதைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. மூன்றாம் நாளே குஞ்சுகளை விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் மீன்கள் நன்றாகத்தான் தின்றன. கைப்பிடி கைப்பிடியாகத் தீவனம் போடுவது பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை போய்ப் பார்த்தபோது, படுகையிலிருந்து தண்ணீர் விழும் குழாயின் கீழே எல்லா மீன்களும் நெருக்கியடித்துக்கொண்டு, மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான்கைந்து ஏற்கெனவே மல்லாந்து மிதந்தன. ஒன்றை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள், காபி டிகாக்‌ஷன் போலப் பழுப்பாக இருந்தது. நைட்ரைட் இரத்தத்தில் ஏறினால், அந்த இரத்தத்தால் உயிர்வளியைச் சுமக்க முடியாது. தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மீனுக்கு மூச்சு முட்டும். அன்று செய்திருக்க வேண்டியது எளிமையானது: தீவனத்தை நிறுத்துவது, பாதித் தண்ணீரை மாற்றுவது, லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்து விடுவது. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே நுழைவதைத் தடுக்கும். நான் நோய் என்று நினைத்து மீன் மருந்து தேடி இரண்டு நாள் கடைகடையாக அலைந்தேன். உப்பு போட்டது நான்காம் நாள். அதற்குள் 17தான் மிச்சம்.

அந்தப் பதினேழும் அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தன. ஏன் என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். ஆயிரம் லிட்டர் ஐபிசி தொட்டியின் (இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி) மேற்பகுதியை ஓரடி உயரத்துக்கு வெட்டிக் கவிழ்த்துச் செடிப் படுகையாக்கினால், அதன் பரப்பு ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர். கீழே மீனுக்கு மிஞ்சுவது 650 லிட்டர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறு பண்ணைக் கையேடு, கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் படுகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் என்றும், காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் என்றும் கணக்குச் சொல்கிறது. 1.2 சதுர மீட்டர் கீரைக்கு நாளுக்கு 50 அல்லது 60 கிராம் தீவனம் என்றாகிறது. ஓரளவு வளர்ந்த மீன் தன் எடையில் ஒன்றரை சதவீதம் தின்னும் என்று கொண்டால், இந்தத் தீவனத்தைத் தின்னத் தேவையானது நான்கு கிலோ மீன். அதாவது இருநூறு கிராம் எடையுள்ள இருபது மீன்கள். நூறு மீன் விட்டால் குஞ்சாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அவை கையளவு ஆனதும் அவற்றின் கழிவைத் தாங்கப் பாக்டீரியாவுக்கு இடம் போதாது, செடிக்கும் வாய் போதாது. பெரிய பண்ணைகளில் நெருக்கமாக வளர்க்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் திடக்கழிவைப் பிரிக்கத் தனித் தொட்டியும், இரவு பகலாகக் காற்றும், பார்த்துக்கொள்ள ஆளும் வைத்திருக்கிறார்கள்.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தொட்டியில் உள்ள தண்ணீர் முழுவதும் மணிக்கு ஒரு முறையாவது படுகை வழியாகச் சுற்றி வர வேண்டும். படுகை முப்பது செண்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஐந்து செண்டிமீட்டர் கீழேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஜல்லியின் மேல் பாசி பிடிக்கும். தண்ணீரை நிரப்பி நிரப்பி வடிய வைப்பதற்கு நான் பெல் சைபன் வைத்திருக்கிறேன். ஓரங்குல நிலைக்குழாய், அதன் மேல் கவிழ்த்த மூடியிட்ட நாலங்குலக் குழாய், அவ்வளவுதான். நிறைந்ததும் ‘களக்’ என்று ஒரு சத்தம் எழுந்து, படுகைத் தண்ணீர் முழுவதும் கீழே பாயும். அப்போது வேருக்கும் காற்று கிடைக்கிறது. அந்தச் சத்தம் கால்மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டே இருக்கும். படுக்கையறை சன்னல் அந்தப் பக்கம் இருந்தால் இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். பழைய தொட்டி வாங்குவதானால், அதில் முன்பு என்ன இருந்தது என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெள்ளைத் தொட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். வெளிப்புறம் கறுப்பு வண்ணம் அடித்து, அதன் மேல் வெள்ளை அடித்தால் பாசியும் வராது, வெயிலும் ஏறாது.

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது போர் தண்ணீர்தான். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. என்னுடையதன் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8.1. பாக்டீரியா, மீன், செடி ஆகிய மூன்றுக்கும் பொதுவாக ஒத்துப்போவது 7ஐ ஒட்டிய அளவு. இது ஏதோ ஏட்டுக் கணக்கு அல்ல. முப்பது டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் பிஎச் 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அந்தப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. அம்மோனியா சோதனைக் குப்பியில் ஒரே நிறத்தைப் பார்த்துவிட்டு, பிஎச் 7 உள்ள ஒருவர் நிம்மதியாக இருக்கலாம், 8 உள்ள இன்னொருவர் பதற வேண்டியிருக்கும்.

செடிக்கும் அதே தொல்லை. கடினத் தண்ணீரில் இரும்புச் சத்து கரையாமல் படிந்துவிடும். துளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிர் மஞ்சளாக வரும். மீன் தீவனத்திலும் இரும்பு குறைவு என்பதால் இதை நாம்தான் கொடுக்க வேண்டும். உரக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஈடிடிஏ (EDTA) இரும்பு இந்தத் தண்ணீரில் நிற்காது. ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். ஆறு சதவீத இரும்பு உள்ளதென்றால் 650 லிட்டருக்கு இருபது கிராம் போதும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை. தண்ணீர் செம்மண் கரைத்தது போலச் சிவக்கும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, ஜல்லி வாங்கும்போது ஒரு பிடி எடுத்து அதன் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் கலந்தது; அதைப் போட்டால் பிஎச் எந்நாளும் இறங்காது. கட்டடத்துக்கு வாங்கும் கருங்கல் ஜல்லி நுரைக்காது. அதையும் கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. இப்போது நான் மொட்டைமாடி மழைநீரைத் தனியே பிடித்து, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக அதையே ஊற்றுகிறேன். மே மாதத்தில் நாளுக்குப் பதினைந்து லிட்டர்வரை குறைகிறது.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டரை நாள் மின்சாரம் இல்லை. பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு எட்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. பிறகு நானும் மனைவியும் முறை வைத்துக்கொண்டு, அரைமணிக்கொரு தரம் வாளியில் மொண்டு தோளுயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினோம். தீவனத்தை முற்றிலும் நிறுத்திவிட்டோம். தின்னாத மீனுக்குக் காற்றும் குறைவாகவே தேவைப்படும், கழிவும் குறையும். ஒன்றுகூடச் சாகவில்லை. அன்று தொட்டியில் இருந்தது பதினெட்டு மீன். நூறு இருந்திருந்தால் முதல் இரவே முடிந்திருக்கும்.

எந்த மீன் என்பதிலும் கொஞ்சம் யோசியுங்கள். ஜிலேபி மீன் எதையும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தப் பழைய வகை சிறு வயதிலேயே குஞ்சு பொரித்துப் பெருகி, எதுவும் தட்டுக்கு வருமளவு வளராது. ஜிலேபியிலேயே வேகமாக வளரும் மேம்படுத்தப்பட்ட வகையான கிஃப்ட் திலேப்பியாவுக்கு மீன்வளத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இரண்டில் எதுவானாலும் குஞ்சு தப்பி ஏரிக்கோ கால்வாய்க்கோ போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். அதை வளர்க்கவே தடை இருக்கிறது. கட்லாவும் ரோகுவும் குளத்து மீன்கள், இந்தத் தொட்டிக்குள் அவை வளராது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பனையேறிக் கெண்டையைச் சொல்வேன். காற்றையே நேரடியாக மூச்சிழுக்கும் மீன் என்பதால் மின்வெட்டைப் பொறுத்துக்கொள்ளும். பெயருக்கேற்ப வெளியேறிவிடும் என்பதால் தொட்டியை வலை போட்டு மூடியே ஆக வேண்டும். நான் ஒரு மழை இரவில் மூடாமல் விட்டேன். காலையில் ஒன்று துளசி மாடத்தருகில் கிடந்தது, உயிரோடு.

செடிகளில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, பசலை ஆகியவை கையை வைத்தால் வளரும். வெண்டையும் கத்திரியும் காய்க்கும், ஆனால் பொட்டாசியம் குறைந்து காய் சிறுக்கும். தக்காளி எனக்கு ஒரு பருவம்தான் சரியாக வந்தது. பூச்சிதான் தொல்லை. மண்ணில் வளரும் செடிக்கு அடிக்கும் வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலைக்கூட இங்கே அடிக்கக் கூடாது. வழிந்து தொட்டிக்குப் போனால் மீன் சாகும். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சித்தான் போக்குகிறேன், வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. பஞ்சகவ்யம் ஊற்றலாமா என்று உறவினர் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். சாணமும் பாலும் தயிரும் தொட்டிக்குள் போனால் அவை அழுகுவதற்கே உயிர்வளி முழுவதும் செலவாகிவிடும்.

செலவுக்கு வருகிறேன். பழைய தொட்டி, குழாய்கள், மோட்டார், காற்றுப் பம்பு, ஜல்லி, சோதனைக் குப்பிகள் எல்லாம் சேர்த்து எனக்கு அன்று 22 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 60 வாட். இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுவதால் மாதம் 43 யூனிட். நான் தொடங்கியபோது இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைத்த நூறு யூனிட் இலவச மின்சாரத்தில் 86 யூனிட்டை இந்தத் தொட்டியே குடித்துவிட்டது. எட்டு மாதத்தில் கைக்கு வருவது ஆறேழு கிலோ மீன். கீரை மட்டும் எங்கள் வீட்டில் ஓராண்டாகக் கடையில் வாங்கவில்லை. மற்றக் காய்கறிக்கு வழக்கம்போலச் சந்தைதான். காசை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் அதே இடத்தில் மண் தொட்டிகளில் செடி வைப்பது மலிவு.

இவ்வளவுக்கும் பிறகு செய்வது என்று தீர்மானித்தால், தொட்டியை இப்போது வாங்க வேண்டாம். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் ஆகிய நான்கையும் பார்க்கும் சோதனைக் குப்பிகளை முதலில் வாங்கி, உங்கள் போர் தண்ணீரின் பிஎச்சைப் பாருங்கள். குழாயிலிருந்து பிடித்தவுடன் பார்க்கும் அளவு ஏமாற்றும்; ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து பாருங்கள். எட்டைத் தாண்டினால், வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டைமாடிக் குழாயின் கீழே ஒரு மழைநீர்த் தொட்டியை வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள். டிசம்பரில் மீன் தொட்டியை வாங்கி அமைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, மீன் இல்லாமலே நாளுக்கு ஒரு சிட்டிகை தீவனம் போட்டு அழுக விடுங்கள். யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கும் படுகையிலிருந்து இரண்டு கைப்பிடி ஜல்லி கிடைத்தால் அதையும் போடுங்கள். பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். போடும் தீவனம் நின்றுவிடாமல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூச்சியத்தைக் காட்டும் நாளில் இருபது குஞ்சு விடலாம்.