ஓயாமல் மாறும் ஸ்கோரைப் பெரிய தேடல் இண்டெக்ஸில் எப்படி வைப்பது?

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் சில கோடி விற்பனைப் பொருள்கள் உள்ள இண்டெக்ஸ், அதாவது தேடுவதற்கான அட்டவணை. கிளிக், விற்பனை எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது, முடிவுகளின் வரிசையும் அதற்கேற்ப மாற வேண்டும், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்டேட் அனுப்பினால் சர்வர் திணறுகிறது. இதுதானே கேள்வி?

வேகமாக மாறும் எண்ணை டாக்குமெண்டுக்குள் (இண்டெக்ஸில் ஒரு பொருளுக்கான பதிவு) வைக்காதீர்கள். எலாஸ்டிக்சர்ச்சுக்கு அடியில் இருப்பது லூசீன் என்ற தேடல் நிரல் தொகுப்பு. அதன் செக்மெண்டுகள், அதாவது இண்டெக்ஸின் துண்டுகள், எழுதினால் எழுதியதுதான், உள்ளே போய்த் திருத்த வழியில்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொன்னாலும் பழைய டாக்குமெண்டை எடுத்து, எண்ணை மாற்றி, தலைப்பு, விவரம் எல்லாவற்றையும் மறுபடி சொல் சொல்லாகப் பிரித்து, புதிதாக எழுதும். பழையது நீக்கியதாகக் குறிக்கப்பட்டு டிஸ்க்கிலேயே கிடக்கும். செக்மெண்டுகளை ஒன்றுசேர்க்கும் மெர்ஜ் நடக்கும்போதுதான் போகும். பார்ஷியல் அப்டேட் (பகுதி மட்டும் மாற்றுவது) என்ற பெயரை நம்பிப் பலர் இதைக் கவனிப்பதில்லை. அதில் மிச்சமாவது நெட்வொர்க் போக்குவரத்துதான், எழுதும் வேலை அப்படியே இருக்கிறது.

சோலர் (Solr) என்ற தேடல் மென்பொருள் என்றால் வேறு வழி உண்டு. ஸ்கோரை மட்டும் தனி ஃபைலில் வைத்து, கமிட்டின்போது (மாற்றங்கள் தேடலுக்கு வரும் கணம்) ஏற்றிக்கொள்ளலாம். வெஸ்பா என்ற இன்னொரு தேடல் மென்பொருளில் இப்படிப்பட்ட எண்கள் நினைவகத்தில் இருப்பதால் தனியாக மாற்றுவது மலிவு. இதற்காகவே வெஸ்பாவுக்கு மாறுவது பெரிய வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் யோசிக்கலாம்.

எலாஸ்டிக்சர்ச்சிலேயே இருப்பதானால் நான் இரண்டு கட்டமாகப் பிரிப்பேன். முதல் கட்டத்தில் இண்டெக்ஸ் சொல் பொருத்தத்தைப் பார்த்து 500 பொருள்களைத் தரட்டும். வேகமாக மாறும் எண்களை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தில் வைத்து, அந்த 500-க்கு மட்டும் இப்போதைய எண்களை அங்கிருந்து ஒரே அழைப்பில் எடுத்து, வரிசையை மாற்றிக் காட்டுங்கள்.

இதில் ஓட்டை ஒன்று இருக்கிறது. திடீரென்று சூடுபிடித்த பொருள் அந்த 500-க்குள்ளேயே வராவிட்டால் இரண்டாம் கட்டத்தால் அதைக் காப்பாற்ற முடியாது. அதனால் பிரபலத்தை 0 முதல் 10 வரை படிகளாக்கி, அந்தப் படியை மட்டும் இண்டெக்ஸில் வையுங்கள். படிகள் மடக்கை (log) அளவில் இருக்கட்டும், அதாவது ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சில மடங்கு. விற்பனை 1,040-லிருந்து 1,050 ஆனால் அநேகமாகப் படி மாறாது, அப்டேட்டும் போகாது. படி தாண்டும்போது மட்டும் அனுப்பினால் எழுத்துப் பளு வெகுவாக இறங்கிவிடும்.

அப்புறம், நேரம் போகப் போகக் குறையும் ஸ்கோர். இதற்காக எல்லா டாக்குமெண்டையும் திரும்ப எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், தேவையே இல்லாத வேலை அது. பதிவுகளுக்கு ஓட்டுப் போடும் தளமான ரெடிட் வெளியிட்ட பழைய நிரலில் அழகான வழி இருக்கிறது: ஆதரவு, எதிர்ப்பு ஓட்டு வித்தியாசத்தின் 10 அடிமான மடக்கையோடு, பதிவிட்ட நேரத்தை நொடிகளில் 45,000-ஆல் வகுத்துக் கூட்டுகிறார்கள். பழையதைக் குறைப்பதற்குப் பதில் புதியது உயரத்தில் பிறக்கிறது. 12.5 மணி நேரம் முந்திய பதிவு சமமாக நிற்க 10 மடங்கு ஓட்டு வேண்டும். ஓட்டு மாறாதவரை அந்த எண்ணைத் தொடவே வேண்டாம்.

இருப்பு விஷயம் வேறு. தீர்ந்துபோன பொருளைக் காட்டினால் வாங்க வந்தவர் கோபப்படுவார். ஆனாலும் 37 இருக்கிறதா 36 இருக்கிறதா என்பது தேடலுக்கு வேண்டாம். உண்டு, இல்லை என்று மாறும் கணத்தில் மட்டும் உடனே அப்டேட் அனுப்புங்கள்.